கூடலூர் மாட்டுக் களவும் பாறையில் அலட்டிய பாட்டனும்

பாறை ஓவியம் என்றதும் நம் ஆட்களுக்குக் குரல் தாழ்ந்துவிடும். ஆதிமனிதனின் ஆன்மிகத் தேடல் என்பார் ஒருவர், வேட்டைச் சடங்கு என்பார் இன்னொருவர். பாட்டன்மார் அவ்வளவு யோக்கியமாக இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்தக் குகைச் சுவரைப் பார்த்தாலும் அலட்டல்தான் முதலில் கண்ணில் படுகிறது.

பிரான்சில் லாஸ்கோ குகை இருக்கிறது. 1940-ல் நாலு பையன்கள் கண்டுபிடித்தது. சுவர் முழுக்கக் குதிரையும் காளையும். ஒரு காளை மட்டும் ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். ஆனால் தரையைத் தோண்டி, தின்று போட்ட எலும்பைப் பார்த்தால் பெரும்பாலும் துருவமான். அந்த மானைச் சுவரில் தேடினால் ஒன்று தேறுவதே பெரும்பாடு. தின்றது ரசஞ்சோறு, எழுதியது பிரியாணி. விருந்தாளி வந்தால் சுவரைத்தானே பார்ப்பான், எலும்பையா எண்ணப் போகிறான் என்ற தைரியம். அதையும் எண்ணுவதற்குப் பின்னாளில் தொல்லியல்காரன் வருவான் என்று பாவம் அவர்களுக்குத் தெரியாது.

தொல்லியல்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஸ்பெயினில் அல்தமிரா குகைக்குள் 1879-ல் சவுத்துவோலா என்ற கனவான் கல்லாயுதம் தேடிக் குனிந்தபடியே போனார். கூடப் போன எட்டு வயது மகள் நிமிர்ந்து பார்த்து, "அப்பா, மாடு!" என்றாள். பெரிய பண்டிதர்கள் கூடி, இது நேற்று எவனோ எழுதிய போலி என்று அவரை ஏமாற்றுக்காரர் ஆக்கினார்கள். அவர் 1888-ல் செத்தும் போனார். எதிர்த்தவர்களில் முக்கியமான கார்த்தய்யாக் 1902-ல் மன்னிப்புக் கட்டுரை எழுதினார். செத்தவருக்கு அது எந்த விலாசத்தில் போய்ச் சேர்ந்ததோ. இத்தனைக்கும் அல்தமிராவுக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பே, 1867-68 வாக்கில், நம் மிர்சாபூர் பக்கம் கார்லைல் என்ற வெள்ளைக்காரர் பாறை ஓவியங்களைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் குறிப்பு எழுதியதோடு சரி, உரிய காலத்தில் அச்சுக்குக் கொடுக்கவில்லை. புகழ் ஸ்பெயினுக்குப் போய்விட்டது.

சரி, நம்ம தேனிப் பக்கம் வருவோம். ஆண்டிப்பட்டி தாண்டி வருசநாட்டுப் பக்கம் போனால் மயிலாடும்பாறை. இதே பெயரில் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் ஓர் ஊர் உண்டு. அங்கே கிடைத்த இரும்புக்கு 4,200 வயது என்று 2022-ல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். பெயரை மட்டும் கேட்டுவிட்டுத் தேனிக்காரன் காலரைத் தூக்கினால் அதற்கு நான் பொறுப்பல்ல. நம்ம மயிலாடும்பாறைக்கு அதன் சொந்தச் சொத்து சித்திரக்கல் புடவு. புடவு என்றால் மழைக்கு ஒதுங்குகிற பாறை இடுக்கு. அங்கே ஓவியம் இருப்பதை ஆராய்ச்சியாளர் "கண்டுபிடிப்பதற்கு" முன்பே ஆடு மாடு மேய்க்கிறவர்கள் பார்த்து, பெயரும் வைத்துவிட்டார்கள். ஊர்க்காரன் சொன்ன இடத்துக்கு வழி கேட்டுப் போய்ச் சேருவதைக் கண்டுபிடிப்பு என்று சொல்வது உலக வழக்கம்.

தமிழ்நாட்டுப் பாறைகளில் வெள்ளையில் எழுதியவற்றில் பெரும்பகுதி இரும்புக்காலத்தை ஒட்டியது. ஐரோப்பாக்காரன் வயசு இல்லை. அதனாலென்ன, குணம் அதேதான். வெள்ளைக் களிமண்ணைக் குழைத்து, விரலாலோ குச்சியாலோ இழுத்த கோடுகள். உச்சிவெயில், மேய்கிற மாடு எங்கும் ஓடாது, கையில் வேலை இல்லை. கலை பிறக்க வேறென்ன வேண்டும்?

"ஏய்யா, மாட்டை ஓட்டிட்டு வான்னு அனுப்புனா பாறையில கிறுக்கிக்கிட்டு உக்காந்திருக்கியா?"

"இருடி. திமில் இன்னும் சரியா வரல."

திமில் சரியாக வரவேண்டும். அதுதான் விஷயம். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் 51,200 வருஷம் பழையது என்று 2024-ல் அறிவித்த ஓவியத்தில் ஒரு பன்றியும் அதைச் சுற்றி மூன்று ஆட்களும். பன்றிக்கு வயிறு, வாய் எல்லாம் உண்டு. ஆட்களுக்குக் குச்சிக் கை, குச்சிக் கால். மனுஷன் தன்னை வரைய மெனக்கெட்டதே இல்லை. நீலகிரி கரிக்கியூரில் காளையைத் துரத்துகிற ஆட்கள், மதுரைக்கு மேற்கே கல்லூத்து மேட்டுப்பட்டியில் ஒற்றைக் காளையோடு மல்லுக்கட்டுகிற ஒற்றை ஆள். எங்கும் மாட்டுக்கு உடம்பு, ஆளுக்கு எலும்பு. ஊர்ப்பக்கம் இன்றைக்கும் மாட்டோடு நிற்கிறவனைப் படம் பிடித்தால் முதலில் மாடு நன்றாக விழுந்திருக்கிறதா என்றுதான் கேட்பான்.

படம் போட்ட பாட்டன் பெயர் எழுதவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தது வைகைக் கரையில், ஆண்டிப்பட்டி வட்டத்துப் புலிமான்கோம்பை. 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அங்கே தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டார்கள். கிறிஸ்துவுக்குச் சில நூற்றாண்டு முந்தையவை, இந்தியாவிலேயே பழைய நடுகற்களில் சேர்ந்தவை. இதில் எழுத்து உண்டு, படம் இல்லை. ஒரு கல்லில் இருப்பதன் சாரம் இவ்வளவுதான்: தீயன் அந்தவன் என்று ஒருவர், கூடலூர், ஆகோள். அதாவது மாட்டுக் களவு. நம்ம வட்டாரத்தின் முதல் எழுத்து வரலாற்றுக்கு எதிர்பார்த்திருப்பீர்கள் அரசன் புகழை. கிடைத்தது எஃப்.ஐ.ஆர்.

அந்தவன் களவாடப் போய்ச் செத்தாரா, களவு போனதை மீட்கப் போய்ச் செத்தாரா என்று கல் சொல்லவில்லை. எந்தப் பக்கம் செத்திருந்தாலும் மரியாதை ஒன்றுதான். கவர்ந்து வரக் கிளம்பினால் தலையில் வெட்சிப் பூ, மீட்கக் கிளம்பினால் கரந்தைப் பூ என்று விதி வைத்திருந்த ஜனம். களவுக்குச் சீருடை வைத்து, அதற்கு இலக்கணமும் எழுதிவைத்த வேறு கூட்டத்தை எனக்குத் தெரியாது. அந்தக் கூடலூர் எங்க ஊர்தான் என்று கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூர்க்காரர்கள் சொன்னால் வாயை மூடிக்கொண்டு ஆமாம் போடுவதே உத்தமம். மாட்டு விஷயம்.

செத்தவருக்குக் கல் வைத்தது இங்கே மட்டுமில்லை. மேற்கே மலையேறிக் கேரளத்து மறையூர் போனால் கல்திட்டைகள். முனியறை என்கிறார்கள், முனிவர் தவம் பண்ணிய அறையாம். உண்மையில் அவை ஈமச்சின்னங்கள். தமிழ்நாட்டில் இதே கல்திட்டை குள்ளர் வீடு, பாண்டவர் வீடு, குரங்குப்பட்டடை என்று ஊருக்கொரு பெயரில் நிற்கும். குள்ளன் கட்டினான், குரங்கு கட்டியது என்றெல்லாம் நம்புவோம். நம் பாட்டன் கட்டினான் என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

மாட்டுச் சண்டை இன்னும் ஓயவில்லை. கம்பத்தில் தம்பிரான் மாட்டுத் தொழுவில் மாட்டுப் பொங்கலன்று கூட்டம் முண்டியடிக்கும். மேகமலைக் காடு 2021-ல் புலிகள் காப்பகத்துக்குள் போனது. மறுவருஷம் மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காட்டில் மாடு மேய்க்கத் தடை போட்டது. பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்று சுருக்கியது. மலைமாட்டுக்காரர்கள் இன்னும் மல்லுக்கு நிற்கிறார்கள். இன்றைக்குப் புடவில் ஒருவன் உட்கார்ந்து எழுதினால் மாட்டுக்குப் பின்னால் காக்கிச் சட்டை ஒன்றையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். அந்த ஆளுக்கும் குச்சிக் கை, குச்சிக் கால்தான் கிடைக்கும்.