கேஸ் அண்ணே

நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஊர். சித்திரையிலும் ஸ்வெட்டரைக் கழற்றாமல் தேத்தண்ணி குடிப்பார்கள். வீட்டில் ஃபேன் வைத்திருப்பவர் நிச்சயம் வெளியூர்க்காரர். இந்தச் சீமையில் கார் ஏசிக்கு வைத்தியம் பார்க்கவும் ஆள் உண்டு. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை என்று வேன் ஸ்டாண்ட் உள்ள எந்த டவுனிலும் ஒருவர் இருப்பார். பெயர் எதுவானாலும் ஊருக்கு அவர் கேஸ் அண்ணே.

அவர் பாஸ் இல்லை, கராஜும் கிடையாது. தேயிலை ஃபெக்டரியில் பிட்டராக இருந்து சர்வீஸ் முடித்தவராக இருப்பார். பச்சைக் கொழுந்தை வாட்டுகிற பெரிய விசிறிகளோடு காலமெல்லாம் குடும்பம் நடத்தியதால், காற்று வருகிற எதுவும் தன் இலாகாதான் என்பது அவர் கொள்கை.

"கூல் இல்லண்ணே" என்று யாராவது வண்டியை நிறுத்தினால் போதும். முன்சீட்டில் ஏறி, ஏசியைப் போடச் சொல்லி, காற்று வருகிற இடத்தில் உள்ளங்கையை வைத்து, நாடி பிடிக்கிற நாட்டு வைத்தியர் மாதிரி கண்ணை மூடுவார். பானட்டைத் திறக்கிற பேச்சே இல்லை.

"கேஸ் எறங்கிருச்சு தம்பி."

ஃபியூஸ் போயிருந்தாலும் கேஸ்தான். முன்னால் கண்டென்சர் விசிறி சுற்றாவிட்டாலும் கேஸ்தான். ஏசி கேஸ் எரிந்து தீர்கிற சாமான் இல்லை, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, அந்த மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்திருக்கும், சவர்க்காரத் தண்ணி தடவினால் குமிழி விடும் என்று சொல்லிப் பாருங்கள். 2022இல் வெறும் சமையல் கேஸ் சிலிண்டரோடு கியூவில் காய்ந்த ஜனங்களிடம் 'கேஸ் தீராது' என்றால் யார் நம்புவார்கள்?

ஒருமுறை ஒரு வேனில் காற்றே சரியாக வரவில்லை. அண்ணே வழக்கம்போல் கேஸ் என்றார். கராஜ் பாஸ் டேஷ்போர்ட் பெட்டியைக் கழற்றிப் பின்னாலிருந்த ஃபில்டரை உருவினார். காய்ந்த சவுக்கு இலை, சீட்டிலிருந்து பிடுங்கிய பஞ்சு, நடுவில் எலி குடியிருந்த பள்ளம். அண்ணே எட்டிப் பார்த்தார். "பாத்தியா? இவ்வளவு அடைப்பு இருந்தா கேஸ் எப்பிடிப்பா வரும்?"

அவருடைய உண்மையான பலம் கையில் வைத்திருக்கிற மீற்றர். வண்டி ஓய்ந்து நிற்கையில் குழாய்க்குள்ளே இருக்கிற அழுத்தம் வெளிச் சூட்டைப் பொறுத்தது. இப்போது பெரும்பாலான கார்களில் ஓடுகிற ஆர் 134ஏ கேஸ், 30 பாகையில் 95 பிஎஸ்ஐ போலக் காட்டும். 15 பாகைக் குளிரில் 60க்குக் கிட்டத்தான் நிற்கும். அண்ணே மனப்பாடம் செய்து வைத்திருப்பது கொழும்புக் கணக்கு. முள் இறங்கி நிற்பதைப் பார்த்ததும் "நான் சொன்னேன்ல" என்று அடித்து ஏற்றிவிடுவார். உள்ளே இருப்பதை மெஷினில் மீட்டெடுத்து, வெக்யூம் பம்ப் போட்டுவிட்டு, பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கிற கிராம் கணக்குப்படி நிறுத்து ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா எழுதி வைத்தது.

அடுத்து டெஸ்ட். மல்லியப்பு சந்தி வரை ஒரு ஓட்டம். ஜில்லென்று காற்று வருகிறது. வராமல் எங்கே போகும்? கண்ணாடியை இறக்கினாலும் அதே காற்றுதான்.

வண்டி ஏ7 பாதையில் இறங்குகிறது. கினிகத்தேனை வரை அண்ணேயின் புகழ் நிலைத்திருக்கும். கித்துல்கலையில் லேசாக வேர்க்கும். அதற்குக் கீழே சூடு ஏற ஏற, அளவுக்கு மீறி அடைத்த கேஸ் அழுத்தம் தாங்காமல் சுவிட்சைத் தட்டும், கம்ப்ரஸர் நின்றுவிடும். உடனே ஃபோன்.

"அண்ணே, சுடுகாத்து வருது."

"எங்க நிக்கிற?"

"கரவனெல்லையில."

"அங்க யாருக்குத்தான் தம்பி கூலா இருக்கு? மேல வா, சரியாயிரும்."

மேலே வந்தால் சரியாகத்தான் ஆகிறது. அதனால்தான் இத்தனை காலமும் அவரை யாராலும் அசைக்க முடியவில்லை.

இலவச ஆலோசனையும் தருவார். "மலையில ஏசி எதுக்கு? இழுக்காது, பெட்ரோல் குடிக்கும்." ஏற்றத்தில் எஞ்சினுக்குப் பாரம் என்பது வாஸ்தவம்தான். ஆனால் நானுஓயாப் பனியில் முன்கண்ணாடி உள்ளே ஆவி பூத்து மறைக்கும்போது, ஈரத்தை இழுத்துத் தெளியவைப்பது ஏசிதான். அவர் பேச்சைக் கேட்டவர்கள் துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுவார்கள். மாதக்கணக்கில் போடாமலே கிடக்கிற கம்ப்ரஸரில் எண்ணெய் ஓடாது, சீல் காயும், கேஸ் மெல்லக் கசியும். அப்போது அண்ணே சொன்னது அப்படியே பலிக்கும். வாடிக்கையும் குறையாது.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025 தொடக்கம் வரை பழைய வண்டிகளே பொன்னாக இருந்ததால், அண்ணேக்கு நல்ல காலம். அவரை ஆட்டிப் பார்த்தது ஒரு டொயோட்டா அக்வா ஹைபிரிட்தான். அதில் கம்ப்ரஸரை எஞ்சின் சுழற்றுவதில்லை. பெரிய பேட்டரியின் கரண்டில் ஓடுகிறது. செம்மஞ்சள் கேபிளைத் தொடாமல் இருந்தது அவர் முன்னோர் செய்த புண்ணியம். வாழ்க்கையில் முதல்முறையாக பானட்டுக்குள் டோர்ச் அடித்து, குனிந்து நிமிர்ந்து தேடினார்.

"தம்பி, கம்ப்ரஸர் பெல்ட்டையே எவனோ கழட்டிட்டான். பஞ்சிகாவத்தையில ஒண்ணு தேடிப் பாரு. வர்ற வரைக்கும் கொஞ்சம் கேஸ் அடிச்சு வைப்போம்."