சிசு வாகன விசாரம்

தேவர்களுக்கெல்லாம் வாகனம் இன்னதென்று நிர்ணயித்து, மூஷிகம், மயில், ரிஷபம், கருடன் என ஒவ்வொன்றுக்கும் உற்சவ தினம்கூடக் குறித்துவைத்த நம் முன்னோர்கள், ஊர் ஊராகப் பிரயாணம் செய்கிறதும், அந்தப் பிரயாணத்தில் ஓரடிகூடத் தன் காலால் நடக்காததுமான கைக்குழந்தையின் வாகனத்தைக் குறித்து ஒரு சூத்திரமும் எழுதாமல் போனது நம் சாஸ்திர மரபுக்குப் பெருங்குறை என்றே சொல்ல வேண்டும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களாவது கவனித்திருக்கலாம். 3ஆம் திங்களில் காப்பு என்று தொடங்கிச் செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் என்று 21ஆம் திங்கள் வரையில் பத்துப் பருவம் வகுத்தவர்கள், அத்தனை பருவத்திலும் குழந்தையை யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு நின்றிருக்க வேண்டுமே என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். பாடியவர்கள் பெரும்பாலும் ஆடவர்களாக இருந்ததே காரணம் என்பது என் மனைவியின் கட்சி. வருகைப் பருவத்தில் பத்துப் பாட்டிலும் குழந்தையை வா, வா என்று மன்றாடி அழைப்பதன் உட்பொருள், இனிமேலாவது இறங்கி நடந்து வரக்கூடாதா என்பதுதான் என்பது என் கட்சி.

இந்த விசாரத்தில் நான் இறங்க நேர்ந்தது பதினொரு மாதப் பேரனுக்குப் பழனியில் முதல் முடி இறக்கப் போன பிரயாணத்தின் நிமித்தமாக. அதற்கென்று என் மகன் ‘பேபி கேரியர்’ என்கிற பை ஒன்றை வாங்கி வந்தான். தோளுக்கு இரண்டு பட்டை, இடுப்புக்கு ஒரு பட்டை, பிடரிக்குக் கீழே குறுக்காக ஒன்று, இவை சேருமிடமெல்லாம் பிளாஸ்டிக் பூட்டு. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த படத்தில், இப்படியொரு பையில் குழந்தையைக் கட்டிக்கொண்டு ஒருவர் மலை ஏறிக்கொண்டிருந்தார். ஏறும்போது அவர் சிரித்தது எனக்கு அப்போதே சந்தேகத்தைக் கொடுத்தது.

இந்தப் பையின் பூர்வோத்தரத்தை விசாரித்தால் நமக்குக் கொஞ்சம் கர்வமே உண்டாகும். அமெரிக்கச் செவிலியான ஆன் மூர், 1960களின் தொடக்கத்தில் அமைதிப் படையின் ஊழியராக ஆப்பிரிக்காவிலுள்ள டோகோ தேசத்துக்குப் போனபோது, அங்குள்ள தாய்மார் குழந்தையைத் துணியால் முதுகோடு கட்டிக்கொண்டே சகல காரியங்களையும் செய்வதையும், குழந்தைகள் அழாமல் இருப்பதையும் கண்டார். ஊர் திரும்பித் தமக்குப் பெண் பிறந்ததும், அதேபோல் கட்டிப் பார்த்துக் குழந்தை நழுவவே, தம் தாயாரைக்கொண்டு பட்டை வைத்துத் தைக்கச் செய்தார். அதுவே ‘ஸ்னக்லி’ என்கிற பெயரில் 1969இல் காப்புரிமை பெற்று வியாபாரத்துக்கு வந்தது. ஜப்பானியரின் ஒம்புஹிமோ, மெக்சிகோவின் ரெபோஸோ, பனிநாட்டு இனுவிட் பெண்களின் முதுகுப்புறம் அகன்ற அங்கி என்று உலகமெங்கும் ஏழை எளியவர்கள் துணியில் முடிந்து வைத்திருந்த ஒரு வித்தை, பட்டையும் பூட்டும் பெற்று, விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

நம்மவர்கள் துணியைத் தூளி கட்டவே பெரிதும் பயன்படுத்தினார்கள். சுமப்பதற்கு இடுப்பே போதுமென்று விட்டுவிட்டார்கள். இடுப்பெலும்பின் மேல்விளிம்பு என்பது, பெண் ஒருத்தி ஒரு பக்கம் சற்றே ஒசிந்து நின்ற மாத்திரத்தில் ஆசனமாக மாறிவிடுகிற அபூர்வ அவயவம். தலை நின்ற குழந்தை அதில் உட்காரும்போது, தொடை இரண்டும் அகன்று, முழங்கால் பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, தவளை குந்தினாற்போல் அமைகிறது. இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தி வளர இந்த அமைப்பே உகந்ததென்று எலும்பு மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஆடவருக்கும் அந்த விளிம்பு உண்டென்றாலும் இருந்தும் பிரயோசனமில்லை. வேஷ்டியே நிற்கத் திண்டாடுகிற இடத்தில் குழந்தை எப்படி நிற்கும்? ஆண்பிள்ளை சுமப்பதற்குத் தோளும் உப்புமூட்டைக்கு முதுகுமே விதிக்கப்பட்டிருக்கின்றன.

இருக்கிற இடுப்பு இரண்டே என்பதைப் புராணமும் அறிந்திருக்கிறது. சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளாய்க் கிடந்த கந்தனை உமையம்மை ஒருசேர அணைத்து ஒரே குழந்தையாக ஆக்கியருளினாள் என்பதற்குத் தத்துவார்த்தமாக எத்தனையோ வியாக்கியானம் சொல்லியிருக்கிறார்கள். கயிலாயம் வரையில் திரும்பிப் போக வேண்டிய ஒரு தாய் வேறு என்னதான் செய்திருக்க முடியும் என்கிற எளிய யோசனை அந்தப் பெரியவர்களுக்குத் தோன்றவில்லை.

எந்தப் பக்கத்து இடுப்பு என்பதிலும் சர்ச்சை உண்டு. லீ சால்க் என்கிற அமெரிக்க உளவியலாளர் 1960இல் எழுதியபடி, வலக்கைப் பழக்கமுள்ள தாய்மாரில் 83 சதவீதத்தினரும், இடக்கைப் பழக்கமுள்ளவர்களில் 78 சதவீதத்தினரும் பச்சைக் குழந்தையை இடப்பக்கமே ஏந்துகிறார்கள். தாயின் இருதயத் துடிப்பு குழந்தையின் காதில் விழும் என்பது அவர் கண்ட காரணம். இதை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன்.

“வலது கை சும்மா இருந்தாத்தானே அடுப்பைப் பார்க்க முடியும்? இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?”

இடக்கைக்காரிகளின் 78ஐ என்ன செய்வது என்று கேட்டேன்.

“அவங்களுக்கும் வீட்ல வேலை இருக்கும்ல?”

இந்தப் பதிலில் தர்க்கப் பிழை எங்கோ இருக்கிறது. நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிரயாண தினத்தன்று ரயில் நிலையத்தில் பையைப் பூட்டிக்கொள்ளும் படலம் நடந்தது. மற்றப் பூட்டுகளெல்லாம் கைக்கு எட்டின. பிடரிக்குக் கீழே உள்ளது மட்டும், மனிதன் தன் முதுகில் தானே சொறிந்துகொள்ள முடியாத அந்த ஓரிடத்தில் சரியாக வந்து உட்கார்ந்தது. “அப்பா, பின்னாடி அந்தப் பக்கிளைப் போடுங்க” என்றான் மகன். என் மூக்குக்கண்ணாடிக்கு அது இரண்டாகத் தெரிந்தது. வரிசையில் பின்னால் நின்ற யாரோ ஒரு பெரியவர், “தம்பி, கொஞ்சம் குனிஞ்சுக்கோ” என்று சொல்லி டக்கென்று மாட்டிவிட்டார். அதே கணத்தில் பேரன் ஈரம் செய்துவிட்டபடியால், மறுபடி அவிழ்க்க அவரையே அழைக்க வேண்டியதாயிற்று.

5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ரயிலில் சீட்டு வேண்டா. சீட்டு வேண்டாதபடியால் படுக்கையும் கிடையாது. 2022இல் லக்னோ மெயிலில், கீழ்ப்படுக்கையை ஒட்டி மடக்கி விரிக்கிற சிறு குழந்தைப் படுக்கை ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது வழக்கமான பெட்டி. ஆகவே இரவில் பேரன் அழத் தொடங்கியதும் மகன் பையைக் கட்டிக்கொண்டு, கழிவறை தொடங்கிக் கழிவறை முடிய நடக்கலானான். இங்கே பையின் கீர்த்தியை மறைப்பது நியாயமாகாது. தாய் உட்கார்ந்து ஏந்துவதைவிட எழுந்து நடந்தால் குழந்தையின் அழுகை அடங்கி இருதயத் துடிப்பும் தணிகிறதென்று ஜப்பானின் ரிக்கன் ஆய்வு நிலையத்தார் 2013இல் கண்டிருக்கிறார்கள். ஐந்து நிமிஷம் நடந்து, தூங்கியபின் ஐந்து முதல் எட்டு நிமிஷம் வரையில் உட்கார்ந்து காத்திருந்து, அப்புறமே கீழே கிடத்த வேண்டுமென்று 2022இல் விதியும் வகுத்தார்கள். பேரன் விதிப்படி தூங்கினான். மகனும் விதிப்படி காத்திருந்தான். கிடத்துவதற்காக முதல் பூட்டை அவிழ்த்தபோது எழுந்த அந்த ‘டக்’ என்கிற சப்தத்தைப் பற்றி ஜப்பானியர் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் அவன் பையோடும் பிள்ளையோடும் ஜன்னலில் சாய்ந்தபடியே திண்டுக்கல் வரையில் வந்தான்.

விடிந்ததும் எதிர் இருக்கையில் இருந்த ஓர் அம்மாள், பேர் ஊர் ஒன்றும் கேட்காமல், இரண்டு கையையும் நீட்டி, “இங்க குடும்மா, நீ போய் மூஞ்சி கழுவிட்டு வா” என்றாள். மருமகள் கொடுத்தாள். பேரன் அந்த இடுப்பில் போய் ஒட்டிக்கொண்டு, அவளுடைய தாலிக்கொடியை வாயில் வைத்துப் பார்த்தான். அங்கிருந்து பக்கத்து இருக்கைப் பெண்ணிடம், அவளிடமிருந்து கதவோரம் நின்ற கல்லூரிப் பையனிடம் என்று கைமாறிக் கைமாறி, காபி ஆறுவதற்குள் பெட்டியில் பாதியைச் சுற்றி வந்துவிட்டான். என் ஆராய்ச்சியின் சித்தாந்தம் எனக்குப் புலப்பட்டது அப்போதுதான். பத்திரமும் வட்டியும் இல்லாமல் அவசரத்துக்கு வாங்கித் திருப்பித் தருகிற கடனுக்குக் கைமாற்று என்று பெயர் வைத்தவர்கள், முதலில் குழந்தையைக் கண்டுதான் அந்தப் பெயரை வைத்திருப்பார்கள். இடுப்பு என்பது குழந்தையை வைத்துக்கொள்ளுகிற கருவி என்பதைவிட, கொடுத்து வாங்குகிற கருவி. பை இரண்டு கையையும் விடுவிப்பது மெய்தான். ஆனால் குழந்தையை ஒரே ஆளோடு பூட்டிவிடுகிறது. “கொஞ்சம் குடுங்க” என்று எதிரில் நீட்டிய கைக்கு நாலு பூட்டை அவிழ்த்துக் காட்டுவதற்குள் அந்தக் கை மடங்கிவிடும்.

அடிவாரத்தில் தாய்மாமன் மடியில் உட்கார்த்தி முடி இறக்கி, மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூசினோம். அழுது களைத்தவனைப் பையில் போட்டுக்கொண்டு மகன் 693 படிகளையும் ஏறப் புறப்பட்டான். விழித்திருக்கிற குழந்தை காலால் கவ்விப் பிடித்துக்கொண்டு தன் பாரத்தில் ஒரு பங்கைத் தானே சுமக்கிறது; தூங்கினால் அந்தப் பங்கும் நம் தலையில் விழுகிறது. பாதி வழியில், இடும்பன் சந்நிதிக்கு முன்னால், மகன் உட்கார்ந்துவிட்டான். இரண்டு மலைகளைக் காவடியாகக் கட்டித் தென்னாட்டுக்குச் சுமந்து வந்த அந்த மகாபலவான், இளைப்பாற இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்கினபோது மலை அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மேலே ஒரு சிறு பையன் நின்றுகொண்டிருந்தான். ஒன்பது கிலோப் பிள்ளையை ஒருமுறை இறக்கி வைத்து மறுபடி தூக்கிப் பார்த்த எவனுக்கும் இந்தக் கதையில் நம்ப முடியாதது ஒன்றுமில்லை.

அப்போது ரயிலில் வந்த அம்மாளும் தன் குடும்பத்தோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். “என்னப்பா, இன்னும் இங்கயேதான் இருக்கீங்களா? இப்படி விடு” என்றவள், பேரனை உருவி எடுத்துச் சந்தனம் தன் தோளில் ஈஷ ஈஷ நடந்தாள். தரிசனம் முடிந்து இறங்கும்போதும் அவன் எங்களுக்கு நாலு படி முன்னால் அவள் இடுப்பிலேயே இருந்தான்.

வெறும் பையை வீணாக்குவானேன் என்று என் மார்பில் மாட்டிவிட்டு, அதற்குள் பஞ்சாமிர்த டப்பாக்கள் ஆறை அடுக்கி, வெயிலுக்கு மேலே துண்டைப் போர்த்தியிருந்தாள் என் மனைவி. யானைப் பாதைத் திருப்பத்தில் ஒரு கிழவி என்னை மேலும் கீழும் பார்த்து, “புள்ள தூங்குதா சாமி?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். அவள் வாயில் விரலை வைத்து, பின்னால் பீப்பி ஊதிக்கொண்டு வந்த தன் பேரனை அடக்கினாள்.