திரும்பும் வழியில் துள்ளல்

கேள்வி (மாட்டுங்கா வாசகர்): மாத்தேரானில் போகும்போது தள்ளாடிய குதிரை, லாயத்துப் பக்கம் திரும்பியதும் துள்ளுகிறதே, ஏன்?

பதில்: மாலை ஆறு மணிக்கு தாதர் ஸ்டேஷன் படிக்கட்டில் மும்பைக்காரர்கள் எப்படி நடக்கிறார்கள்? லாயத்தில் தீனியும் கூட்டாளிகளும் காத்திருந்தால் குதிரைக்கும் அதே கால்தான்!

கடிவாளத்தை விடாமல் இறுக்கினால் பதற்றம்தான் ஏறும். இழுத்ததும் தளர்த்த வேண்டும். அப்படியும் பாய்ந்தால், அகலமான இடத்தில் ஒரு வட்டமடித்து, நடைக்கு வந்த பிறகே வீட்டுப் பக்கம் விட வேண்டும். பள்ளத்தாக்கு ஓரத்தில் இந்த வேலை கூடவே கூடாது. அங்கே குதிரைக்காரர் கையில் கயிறு இருப்பதே நல்லது.

கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கர் செனபோன் இதற்கு வழி எழுதிவிட்டார்: வேலை வாங்கிய இடத்திலேயே இறங்கி, ஓய்வையும் அங்கேயே கொடுக்க வேண்டும். லாயம் மட்டும்தான் சுகம் என்ற எண்ணம் குதிரைக்கு அப்போது வராது.

ஆனால் எல்லா அவசரமும் வீட்டு ஆசை அல்ல. சேணம் உறுத்தினாலும் குதிரை ஓடும். பயணிகளின் கார்கள் தஸ்தூரி நாக்காவோடு நின்றுவிடும் அந்த மலையில், ஆளையும் மூட்டையையும் சுமக்கிற முதுகு அது. ஏறுவதற்கு முன் சேணத்தடியில் புண் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்; இருந்தால் அன்று நடந்தே போகலாம்.