சாவி கைமாறிய பிறகு

இலங்கைத் தமிழர் பிரச்சினைக்குத் தீர்வு மிக அருகில் இருக்கிறது. பதறாதீர்கள், புதுச் செய்தி ஒன்றும் இல்லை. 2009 மே மாதத்திலிருந்தே அது அருகில்தான் இருக்கிறது. அதைவிடக் கிட்டே வருவதுமில்லை, எட்டிப் போவதுமில்லை. அப்படியொரு ஒழுக்கமான தீர்வு.

போர் முடியட்டும், பேச்சு தானாகத் தொடங்கும் என்று மும்பை மாட்டுங்காவில் பெரியவர்கள் அன்று காபியை ஆற்றிக்கொண்டே அடித்துச் சொன்னார்கள். "துப்பாக்கிதான் சார் தடை. அது போகட்டும், மாகாண சபைகளுக்கு அதிகாரம் தரும் 13ஆவது திருத்தம் இருக்கவே இருக்கு." டெல்லியும் இதையேதான் சொன்னது. துப்பாக்கி போயிற்று. கூடவே 40,000 பொதுமக்கள் வரை போயிருக்கலாம் என்றது ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை. தடை இவ்வளவு சுத்தமாகத் துடைக்கப்பட்ட பிறகும் தீர்வைக் காணோம்.

தோற்றவர்களோடு நடந்த முதல் பேச்சுவார்த்தை எது தெரியுமா? 2009 மே 18 விடிவதற்குள் முடிந்துபோனது. புலிகளின் தலைவர்களில் நடேசனும் புலித்தேவனும் வெள்ளைக் கொடியோடு சரணடைய இடைத்தரகர்கள் மூலம் பேசினார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்ற உறுதி ஐ.நா.வின் உயரதிகாரி விஜய் நம்பியார் வரை போய்ச் சேர்ந்தது. இருவரும் பிணமானார்கள். நாங்கள் பொறுப்பல்ல என்று கொழும்பு கை விரித்தது. ஒன்பது நாள் கழித்து ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில், போர் முடிந்ததை வரவேற்று ஒரு தீர்மானம். ஆதரித்தவை 29 நாடுகள். அதில் நம் பாரதமும் ஒன்று. நாமும் கை தூக்கியவர்கள்தாம்.

சாவி கைமாறினால் பேரம் போய்விடும் என்பதைத் தாராவிக்காரனுக்கு விளக்க ஐ.நா. அறிக்கை வேண்டாம். கோலி, அதாவது குடியிருக்கும் அறை, நம் கையில் இருக்கும்வரை பில்டர் வாசலுக்கு வருவான், "அண்ணே" என்பான், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்புவான். அக்ரிமென்ட் ரெஜிஸ்டர் ஆகும் முன்னால் சாவியைக் கொடுத்துவிட்டு டிரான்சிட் கேம்புக்குப் போனவனைப் பாருங்கள். பிறகு அவன்தான் பில்டர் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்கிறான். கடைசிப் போர்க்களமான முள்ளிவாய்க்காலில் பிழைத்தவர்களுக்கும் ஒரு கேம்ப் தந்தார்கள். வவுனியா மெனிக் ஃபார்மில் முள்வேலிக்குள் லட்சக்கணக்கில் அடைத்தார்கள். 2012 செப்டம்பரில்தான் அதை மூடினார்கள்.

சாவி போனதில் பங்கு யாருக்கு என்று கேட்டால் நம்மில் பலருக்குக் கோபம் வரும். வரட்டும். பேரம் பேசப் பலம் இருந்தபோது, 2003 ஏப்ரலில், மேசையை விட்டு எழுந்தவர்கள் புலிகள். 2005இல் தமிழர்களை வாக்குச்சாவடிப் பக்கம் போகவிடாமல் செய்து மகிந்த ராஜபக்சவுக்கு வழிவிட்டவர்களும் அவர்களே. கடைசியில் தம் மக்களையே வெளியேற விடாமல் சுட்டார்கள். இதைச் சொன்னால் செம்பூர் இளைஞர் ஒருவர் என்னைத் துரோகி என்பார். அவருக்குக் கவலை இல்லை. பிரபாகரன் நலமாக இருக்கிறார் என்று 2023 பிப்ரவரியில் பழ. நெடுமாறனே அறிவித்துவிட்டார்! தலைவர் திரும்பி வரும்வரை செல்போனில் புலிப் படம் வைத்திருந்தால் போதும். 2017 பிப்ரவரியிலிருந்து காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் போட்டோவை ஏந்திக் கிளிநொச்சித் தெருவில் உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கு இந்த வசதி இல்லை.

இனி வென்றவரின் கணக்கு. அதிகாரம் தருவேன், "13 பிளஸ்" என்றார் மகிந்த. காவல் கழித்தல், காணி கழித்தல், கடைசியில் தேர்தலும் கழித்தல். இதுதான் அந்தக் கூட்டல். வடக்கு மாகாண சபை 2013இல் உருவானது, 2018 அக்டோபரில் காலாவதியானது. பிறகு ஆண்டுக்கணக்கில் ஆளுநர் ஆட்சி. 2011 முழுக்கத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்போடு சுற்றுச் சுற்றாகப் பேசினார்கள். 2012 ஜனவரியில் அரசுத் தரப்பு நாற்காலிகள் காலி. 2016இல் புது அரசியலமைப்பு எழுத ஓர் அரசியலமைப்புப் பேரவை. கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன் ஐயா ஒவ்வொரு பண்டிகைக்கும் நம்பிக்கை தந்தார். 2024இல் தீர்வைக் காணாமலே கண்ணை மூடினார். 2023 பிப்ரவரி 4க்குள் முடித்துவிடுவேன் என்றார் அன்றைய ஜனாதிபதி ரணில். நான்கு நாள் கழித்து, நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் பிக்குகள் 13ஆவது திருத்தத்தின் பிரதியை எரித்தார்கள். அதிகாரப் பகிர்வுக்கான 1957இன் பண்டா–செல்வா ஒப்பந்தத்தை, பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் உட்கார்ந்ததும் 1958இல் கைவிட்டார்கள். அறுபத்தைந்து ஆண்டில் தீக்குச்சி வரை முன்னேற்றம்.

13ஆவது திருத்தத்துக்கு வழிவகுத்த 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் தூக்கிய கட்சி ஜே.வி.பி. 2006இல் நீதிமன்றம் போய் வடக்கையும் கிழக்கையும் பிரிக்க வைத்ததும் அதுவே. அதன் தலைவர் அநுர குமார திசாநாயக்க இன்று ஜனாதிபதி. அவரது கூட்டணி 2024 நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்திலேயே முதலிடம் பிடித்தது. கடந்தகாலத்தை இவ்வளவு தாராளமாக மன்னித்த தோற்றவர்களை உலகம் பார்த்ததுண்டா? பதிலுக்கு என்ன கிடைத்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. இனவாதம் என்பார்கள்.

நம் பக்கத்துச் சாதனைகளையும் விட்டுவிடக் கூடாது. 2009 ஏப்ரல் 27இல் மெரினாவில் போரை நிறுத்தக் கோரி அன்றைய முதல்வர் கலைஞர் உண்ணாவிரதம் இருந்தார். காலையில் ஆரம்பம், மதியத்துக்குள் வெற்றி. கனரக ஆயுதங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்று கொழும்பு சொல்லிவிட்டதாம். அடுத்த மூன்று வாரம் முள்ளிவாய்க்காலில் விழுந்தது என்ன, பூமாரியா?

வென்றவன் பேச வேண்டுமென்றால், பேசாமலிருப்பது அவனுக்குக் கட்டுப்படியாகக் கூடாது. அந்த நாளும் வந்தது. 2022இல் கொழும்பு திவாலானது. பெட்ரோலுக்கு வரிசை, மருந்துக்குத் தட்டுப்பாடு. இந்தியா சுமார் 400 கோடி டாலர் உதவியது. அடுத்த ஆண்டு ஐ.எம்.எஃப். வந்தது. வரியை ஏற்று, மின்கட்டணத்தை ஏற்று என்று நிபந்தனை மேல் நிபந்தனை. அத்தனைக்கும் தலையாட்டினார்கள். மக்களின் காணியை ராணுவம் திருப்பித் தர வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை உண்டா? டெல்லி மட்டும் சந்திப்புக்குச் சந்திப்பு 13ஐ நினைவூட்டியது. பணம் கொடுத்த கை ஒன்று, நினைவூட்டிய வாய் வேறு.

சமாதானப் பேச்சு சாத்தியமா என்று இன்னும் கேட்கிறார்கள். பிடித்த காணியை விடுவது, சரணடைந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்வது, மாகாண சபைத் தேர்தலை உரிய காலத்தில் நடத்துவது: இந்த மூன்றுக்கும் பேச்சே வேண்டாம், அரசு மனம் வைத்தால் போதும். அதைச் செய்யாமல் பேச வாருங்கள் என்று அழைக்கும் எவருக்கும் வேண்டியது அவகாசம். டெல்லியும் ஜெனீவாவும் சென்னையும், மும்பையில் உட்கார்ந்து கைதட்டும் நாமும், அதை 2009லிருந்து வட்டியில்லாமல் கொடுத்து வருகிறோம். வட்டி போகட்டும், அசலைக் கேட்கக்கூடவா நமக்கு வாயில்லை?