நிலா விழுந்த துக்கம்

அமெரிக்காவில் எந்தப் பெரிய புத்தகக் கடையிலும் அறிவியல் புனைகதை அலமாரிக்கு முன்னால் இவரைப் பார்க்கலாம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வெளுத்துப்போன கறுப்பு டி-ஷர்ட். கையில் புத்தம்புது ஸ்டார் வார்ஸ் நாவல். முகத்தில் மட்டும் சம்பந்தி வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த பெரியப்பாவின் களை.

புத்தகத்தைத் திறந்ததும் கதைக்குப் போக மாட்டார். முன்பக்கத்தில் இருக்கும் காலவரிசைப் பட்டியலைத்தான் முதலில் பார்ப்பார். முதல் படத்தில் டெத் ஸ்டார் என்ற விண்நிலையம் வெடித்ததே, அந்த யாவின் போரிலிருந்துதான் அவருக்கு ஆண்டுக்கணக்கு. போருக்குப் பின் 25-ஆம் ஆண்டில் என்ன நடந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கேட்காமல் இருப்பது நல்லது. அது அவர் வீட்டு எழவு.

பிழை பார்ப்பதில் அவருக்கு இரண்டு தராசு. 1977-இல் வந்த முதல் படத்தில் விண்கப்பலோட்டி ஹான் சோலோ தன் கப்பல் ஒரு பாதையை 12 பார்செக்கிற்கும் குறைவாக ஓடி முடித்தது என்று பீற்றிக்கொள்வான். பார்செக் என்பது தூரம், சுமார் 3.26 ஒளியாண்டு. நேரத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் தூரத்தைச் சொல்லிவிட்டான். நம்மவர் அசர மாட்டார். கருந்துளைகளை ஒட்டிப் போய் வழியையே சுருக்கிவிட்டான் என்று பின்னால் வந்த நாவல்கள் சப்பைக்கட்டுக் கட்டியதை வரி பிசகாமல் ஒப்பிப்பார். படத்தில் வந்தால் அது புதிர், நாவலில் வந்தால் பிழை. பிழைக்கு எழுத்தாளர் பதில் சொல்லியாக வேண்டும்.

1978-இல் ஆலன் டீன் ஃபாஸ்டர் எழுதிய முதல் தொடர்ச்சி நாவல் அவரிடம் உண்டு. முதல் படம் சரியாக ஓடாவிட்டால் மலிவாகப் படமெடுக்க உதவட்டும் என்று எழுதப்பட்ட கதை. செட்டுச் செலவு மிச்சமாக ஊரெல்லாம் மூடுபனி. ஹானாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு அடுத்த படத்துக்கு இன்னும் ஒப்பந்தமாகாததால் ஹான் சோலோவே கிடையாது. அதில் நாயகன் லூக்கும் இளவரசி லேயாவும் பார்த்துக்கொள்ளும் பார்வை கொஞ்சம் வேறு மாதிரி. 1983-இல் வந்த படமோ இருவரும் இரட்டைப் பிள்ளைகள் என்று போட்டு உடைத்தது. அந்தப் புத்தகத்தை மட்டும் பின்வரிசையில், முதுகு சுவரைப் பார்க்க வைத்திருக்கிறார்.

உண்மையான காயம் 1999-இல் ஆர்.ஏ. சால்வடோர் எழுதிய 'வெக்டர் பிரைம்'. உடம்பெல்லாம் முடி, ஏழடிக்கு மேல் உயரம், ஹான் சோலோவின் துணை விமானி சூபாக்கா. யாவின் கணக்கில் அந்த 25-ஆம் ஆண்டில் அவனை இந்த நாவல் கொன்றுவிட்டது. எப்படி? ஒரு கிரகத்தின்மேல் அதன் நிலவையே விழவைத்து. மற்றவர்கள் கப்பலேறித் தப்பிக்க, இவன் தரையில் நின்றுவிடுகிறான். அவரிடம் இருக்கும் பிரதி தானாகவே அந்தப் பக்கத்தில்தான் திறக்கும். ஓரத்தில் பென்சிலால் 'ஏன்?' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

பாவம், எழுத்தாளர். கதைமாந்தர் ஒருவரும் அவருக்குச் சொந்தமில்லை. யாரைக் கொல்லலாம், யாரைத் தொடக்கூடாது என்பதெல்லாம் மேலிடத்து முடிவு. ஆனால் அட்டையில் மேலிடத்தின் பெயரா இருக்கிறது? வசவு முழுக்க சால்வடோர் தலையில் விடிந்தது. நம்மவரும் தம் பங்குக்குத் திட்டினார். திட்டிக்கொண்டே 'வெக்டர் பிரைம்' தொடங்கிவைத்த வரிசையின் 19 நாவல்களையும் 2003 வரை ஒன்றுவிடாமல் வாங்கினார்.

2012-இல் டிஸ்னி நிறுவனம், ஸ்டார் வார்ஸ் படங்களை எடுத்த லூகாஸ் ஃபிலிமை வாங்கியது. 2014 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது: பழைய நாவல்கள் எல்லாம் இனி 'லெஜண்ட்ஸ்', வரப்போகும் படங்களை அவை கட்டுப்படுத்தாது. அடுத்த ஆண்டு டிசம்பரில் புதுப் படம். திரையில் சூபாக்கா கல்லுக்குண்டு மாதிரி வந்து நின்றான். அரங்கமே கைதட்டியது. நம்மவர் மட்டும் தட்டவில்லை.

"பதினாறு வருஷம் துக்கம் காத்தேனே, அதற்கு யார் கணக்குச் சொல்வது?"

அன்றோடு 'வெக்டர் பிரைம்' காவியமாகிவிட்டது. "அந்தக் காலத்து எழுத்தாளர்களுக்கு நிலவைப் பிடித்துத் தள்ளுகிற துணிச்சல் இருந்தது. இப்போது வருகிறதெல்லாம் கதையா?" என்கிறார். பென்சிலால் எழுதிய 'ஏன்?' அழிக்கப்பட்டுவிட்டது. இரண்டு கோடும் அப்படியே இருக்கின்றன. இப்போது அவை பாராட்டுக் கோடுகளாம்.

1991-இல் டிமதி ஜான் உருவாக்கிய வில்லன் த்ரானைப் புதுக் கணக்கில் சேர்த்து, அதே ஜானை வைத்தே 2017-இல் நாவல் எழுதவைத்தார்கள். வெளியான அன்றே வாங்கினார். பழைய த்ரான் மாதிரி வரவில்லை என்பது அவர் தீர்ப்பு. இப்போது அடுத்த நாவலுக்கும் முன்பணம் கட்டியாயிற்று. அட்டைப்படம் மட்டும்தான் வெளியாகியிருக்கிறது. அதுவே பிடிக்கவில்லையாம்.