கால் காட்டிக் குடுத்துரும் மருமவனே!

இங்ஙன வந்து உக்காரும் மருமவனே. காதுல பொத்தானைச் சொருகிக் கண்ணை மூடிக்கிட்டு இருந்தீரே, என்ன பாட்டுன்னேன். "கல்யாணி ஆலாபனை மாமா"ன்னீரு. கல்யாணிக்கு எந்த ஊர்லவே பெருவிரல் மண்ணைத் தோண்டும்? அது 'மன்மத ராசா'ன்னு கொட்டாரத்து ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். 2003-ல 'திருடா திருடி' வந்தப்ப, டவுசரோட கலியாணப் பந்தல்ல நீரு போட்ட ஆட்டத்தைப் பாத்தவன்லா நான்!

வெக்கப்படாதேயும். உம்மளவிடப் பெரிய ரசிகர் ஒருத்தர் டெல்லியில மந்திரியா இருந்தாரு, பி.வி. கேஸ்கர்னு. 1952-ல வந்தவரு, ஜனம் நல்ல சங்கீதம் கேட்டுத் திருந்தட்டும்னு ரேடியோவுல சினிமாப் பாட்டுக்கு வாசலை அடைச்சாரு. ஜனம் திருந்திச்சா? முள்ளை லேசாத் திருகி இலங்கை வானொலியை வச்சுக்கிட்டுது. கடைசியில 1957-ல இவுகளே விவித் பாரதின்னு ஒண்ணைத் தொறக்க வேண்டியதாப் போச்சு.

குத்துப்பாட்டு ஏன் பிடிக்குதுங்கீரா? மூளை 'சீ'ங்கதுக்குள்ள இடுப்பு 'சரி'ன்னுருது, அவ்வளவுதான். வித்வான் அடுத்து எங்க போவாருன்னு நாம முழிச்சுக்கிட்டே இருக்கணும். குத்துப்பாட்டுல அந்தக் கவலை கெடையாது. ரெண்டாவது தடவை பல்லவி வரும்போதே நமக்குப் பாடம். இந்தா வருதுன்னு நெனைக்கோம், கரெக்டா வந்துருது. அந்தச் சந்தோசத்துக்கு ஞானம் என்னத்துக்குவே?

எல்.ஆர். ஈஸ்வரியையே எடுத்துக்கிடும். 1968-ல 'பணமா பாசமா'வுல எலந்தப்பழப் பாட்டுப் பாடி ஊரைக் கெடுத்ததும் அந்தத் தொண்டைதான். கோயில் கொடையில அம்மனை எழுப்புததும் அதே தொண்டைதான். 70 வயசு தாண்டி, 2011-ல 'ஒஸ்தி'யில 'கலாசலா'ன்னு வேற வந்து நின்னுச்சு. குழாய் ஒண்ணு, குரல் ஒண்ணு. விடியக்காலம் கன்னத்துல போட்டுக்கிடுதோம், ராத்திரி மூஞ்சியத் திருப்பிக்கிடுதோம். உம்ம அத்தை, "என்ன பாட்டு ஓடுது?"ன்னு அடுப்படியில இருந்து கேப்பா. "ஈஸ்வரி பாட்டு"ம்பேன். பொய்யில்லையே!

அதனால ஒளிச்சே கேளும், நான் தடுக்கல. ஊரறியக் கேட்டா பாதி ருசி போயிரும். ஆனா இந்த வருசக் கொடைக்கு மைக்செட்காரன்கிட்ட லிஸ்ட் குடுக்கது உம்ம பொறுப்பு. முன்னால பக்திப் பாட்டா எழுதும். குத்துப்பாட்டை எல்லாம் ராத்திரி ஒரு மணிக்கு மேல தள்ளிப் போடும். பெரியவுக நாங்க அப்ப தூங்கிருவோம்னு கமிட்டியில சொல்லிரும். தூங்க மாட்டோம். அதை எங்க வாயால எப்படிவே சொல்லுதது?