வாழ்க எங்கள் லேசர் அண்ணன்

1960-ல் தியோடர் மைமன் ஒரு மாணிக்கக் கோலை வைத்து உலகின் முதல் லேசரை ஒளிர விட்டார். கலிபோர்னியாவில் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆய்வுக்கூடமே அவர் பின்னால் நின்றது. எங்கள் தெரு அண்ணன் பின்னால் இருப்பவை மொட்டைமாடித் துணிக்கொடியும் ஓடாத ஒரு டிவிடி ரைட்டரும்தான். இருவரில் யார் பெரியவர் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

டிவிடி ரைட்டர் செய்தவர்கள் பாவம், பயந்தவர்கள். உள்ளே இருக்கும் சிவப்பு டயோடு 200 மில்லிவாட் வரை உமிழக்கூடியது என்று அதைத் தகரப் பெட்டிக்குள் பூட்டினார்கள். திறந்தால் கதிர் வரும், கண்ணில் பட விடாதே என்று ஸ்டிக்கரும் ஒட்டினார்கள். அண்ணன் முதலில் உரித்தது அந்த ஸ்டிக்கரைத்தான். திருகாணி அதற்கு அடியில் இருந்தது என்பது அவர் தரப்பு நியாயம்.

கைவேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ரிச்சி தெருவில் வாங்கிய எல்எம்317 ஐசி, மின்தடை, கெப்பாசிட்டர், லென்ஸ், ஒரு டார்ச் லைட் கூடு: அவ்வளவுதான் சாமான். 1.25-ஐ மின்தடையின் ஓம் அளவால் வகுத்தால் டயோடுக்குப் போகும் ஆம்பியர் வந்துவிடும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஐந்து ஓம் போட்டால் 250 மில்லி ஆம்பியர், இம்மி பிசகாது. கெப்பாசிட்டரில் மின்சாரம் நிறைந்திருக்கும்போதே டயோடை இணைத்து, அது நொடியில் செத்து வெறும் எல்இடி மாதிரி மினுக்கியபோதும் கலங்கவில்லை. அடுத்த ரைட்டரைப் பிரித்துவிட்டார்.

உள்ளே போவதை இப்படி அளக்கிறவர், வெளியே வருவதை அளப்பதில்லை. பவர் மீட்டர் எல்லாம் சந்தேகப் பிராணிகளுக்கு. கறுப்பு பலூன் வெடித்தால் பாஸ், தீக்குச்சி பற்றினால் டிஸ்டிங்ஷன். கையில் பிடிக்கும் பாயின்டர் 5 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது என்று கஞ்சர்கள் சிலர் வரம்பு வைத்திருக்கிறார்கள். அண்ணன் நாற்பது மடங்கு அள்ளிக் கொடுத்தார்.

கண் பாதுகாப்பிலும் அவர் குறை வைக்கவில்லை. அந்தச் சிவப்பு அலைநீளத்தைத் தடுப்பதற்கென்றே தனிக் கண்ணாடி விற்கிறது. பேருந்து நிலையத்தில் வாங்கிய கூலிங் கிளாஸும் கறுப்புத்தானே என்று அதையே மாட்டிக்கொண்டார். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளுக்கு அதுகூட இல்லை.

அவருடைய கருணையைத் தனியாகச் சொல்ல வேண்டும். லேசர் கதிர் கண்ணுக்குள் போனால், கண்ணின் லென்ஸே அதைக் குவித்து விழித்திரையில் ஒரு சிறு புள்ளியாக்கிவிடும். இமை மூடக் கால் நொடி ஆகும். இந்தச் சக்திக்கு அதற்குள் வேலை முடிந்துவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. கத்தியின்றி, ரத்தமின்றி, வலியுமின்றி ஒருவர் பார்வையின் நடுவில் நிரந்தரமாகப் புள்ளி வைத்து அனுப்ப எந்த டாக்டரால் முடியும்? அதுவும் ஃபீஸ் வாங்காமல்!

இப்போது அண்ணன் ஊதாவுக்கு முன்னேறிவிட்டார். புளூ-ரே டயோடு, 405 நானோமீட்டர். "மங்கலாத்தான்டா இருக்கு, பயப்படாதே" என்று பிள்ளைகளைத் தேற்றுகிறார். அந்த நிறம் மனிதக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதால்தான் மங்கல். சுடுவதில் மங்கல் ஏதுமில்லை. ஒளியைக் கண்ணால் எடை போடும் எளிமை எத்தனை பேருக்கு வரும்?

ராத்திரியானால் வானத்தையும் கவனிக்கிறார். கதிர் போகப் போக விரியும். ஒரு கிலோமீட்டர் தள்ளி அந்தச் சின்னப் புள்ளி ஒரு மீட்டர் அகலமாகக்கூட ஆகிவிடும். இறங்கும் விமானத்தின் முன் கண்ணாடியில் பட்டால் கண்ணாடி முழுக்க ஒளி சிதறி, விமானிக்கு ஓடுபாதை மறைந்துபோகும். ஓடுபாதையை எத்தனை நாள்தான் பார்ப்பார் மனிதர்? ஒரு மாறுதல் வேண்டாமா?

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குகிறவர்களை ஊர் கேலி செய்யும். அண்ணன் அந்த ரகமில்லை. அவர் எதையும் விற்பதில்லை. கண்ணை இலவசமாகவே கொடுக்கிறார், அதுவும் அடுத்தவர் கண்ணை. இப்படிப்பட்ட வள்ளலைத் தேடி ஒருநாள் போலீஸ் ஜீப்பே வாசலுக்கு வரும். எங்கள் தெருவுக்கு வேறு யாரால் இந்தக் கௌரவம் கிடைக்கும்?